ஆலங்காயம் பூவம்மாளின் கையெழுத்து

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார். இதையெல்லாம் அடுக்கிச் சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தபாலில் கையெழுத்து சேர்ப்பார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். நான் ஆம்பூர் தபால் ஆபீஸ் படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் சுந்தர்ராஜ். விளையாட்டுக்காரர்கள் என்றால் அவருக்கு உயிர். டிவியில் சோப்பு விற்கிற பெரிய புள்ளிகள் பக்கம் திரும்பக்கூட மாட்டார். எப்போதோ ஹாக்கியில் கோல் காத்தவர், வாலிபால் ஆடிவிட்டு இப்போது பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர், பளு தூக்கிப் பதக்கம் வாங்கிவிட்டு ஊரோடு போய்விட்ட பெண், இப்படிப்பட்டவர்கள்தான் அவருக்கு வேண்டும். விலாசத்தைத் தேடிப் பிடிப்பார். கைப்பட ஒரு கடிதம் எழுதுவார். கையெழுத்துப் போட ஒரு துண்டையும், ஸ்டாம்பு ஒட்டித் தன் விலாசம் எழுதிய பதில் கவரையும் உள்ளே வைத்து அனுப்புவார். மற்ற ஊர்க்காரர்கள் அட்டை வைப்பார்கள், போட்டோ வைப்பார்கள். இவர் ஆம்பூர்க்காரர், தோல் வைப்பார்.

ஹைவே ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் ரூமில் வேலை. அதே காம்பவுண்டுக்குள் தோல் பதனிடுகிற டேனரியும் உண்டு. சாம்பிள் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளை, சொல்லிவிட்டுத்தான் எடுத்து வருவார். உள்ளங்கை அளவுக்கு வெட்டி, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளை வளைத்து நறுக்குவார். தோலின் பின்பக்கத்தில் பேனா நன்றாக இறங்குமாம். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு நகம் வெட்டுகிற தாய் தோற்றாள்.

பதில் கவரில் கம்பெனி விலாசத்தைத்தான் எழுதுவார். நான் வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ், விடியற்காலையில் பஸ் ஏறுகிறவள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். ஒருமுறை கதவடியில் செருகிய கவர் மழையில் ஊறி, யாரோ ஒரு கபடி வீரரின் கையெழுத்து நீலக் கறையாகிவிட்டது. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. நான்தான் கம்பெனி விலாசம் போடுங்கள் என்றேன்.

இதில் அவருக்கு ஒரு கொள்கை வேறு. யார் வீட்டு வாசலுக்கும் போய்க் கேட்கமாட்டார்.

"கேக்கறது நம்ம ஆசை, புஷ்பம். போடறது அவங்க இஷ்டம். வாசல்ல போய் நின்னுட்டா அப்புறம் அவங்க இஷ்டம் எங்க இருக்குது?"

எத்தனையோ பேர் பதில் போட்டார்கள். ஒருத்தி மட்டும் போடவில்லை. ஆலங்காயம் பூவம்மாள். எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. வெளிநாட்டில் நடந்த ஒரு போட்டியில் வெள்ளி வாங்கியவள். இவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வேலூரில் அவள் ஓடியதைப் பார்த்திருக்கிறார். "மத்தவங்கல்லாம் யாரோ தொரத்தற மாதிரி ஓடினாங்க. அவங்க மட்டும் வீட்டுக்குப் போற மாதிரி ஓடினாங்க" என்பார். இதைச் சொல்லாத மாதம் கிடையாது. ஆலங்காயத்துக்குப் போட்ட கடிதங்கள் எல்லாம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. இந்த வருஷம் சர்ச்சுக்கு வருகிற ஒரு ரயில்வேக்காரர், அந்த அம்மா ஜோலார்பேட்டையில்தான் இருக்கிறார் என்று விலாசம் கொடுத்தார். இவர் புதுசாக வந்த காப்பிக்கொட்டை நிறத் தோலில் ஒரு துண்டை நறுக்கி அனுப்பினார். அந்த நிறத்தில் அவர் அனுப்பியது அந்த ஒரே துண்டுதான்.

பதில் வந்த அன்று அவர் ஊரில் இல்லை. என் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு என்னோடு தங்கை ஊருக்கு வந்திருந்தார். கம்பெனிக்கு வருகிற தபாலை எல்லாம் ஆபீஸில் பிரித்துவிடுவார்கள். இந்தக் கவரையும் பிரித்தார்கள். உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை, தோல் துண்டுதான் இருந்தது. தோலென்றால் சாம்பிள் ரூமுக்குத்தானே? மேலே எழுதியிருந்த பெயரைப் பார்க்காமலே கவரைக் குப்பையில் போட்டுவிட்டுத் துண்டைக் கொண்டுபோய் சாம்பிள் ரூம் தட்டில் வைத்துவிட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தோலின் பின்பக்கத்தில் கையெழுத்து இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரக்கு வாங்குகிற பையர் அந்த நிறத்தை ஓகே செய்துவிட்டார், இனி டிரம்மில் தோலை ஏற்றிச் சாயம் போடலாம் என்று அர்த்தம். கம்பெனியில் அப்போது ஒரு வெளிநாட்டு பையருக்கு மூன்று பழுப்பு நிறத் துண்டுகளை அனுப்பிவிட்டு, எதில் கையெழுத்துப் போட்டுத் திருப்புவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று இந்தக் காப்பிக்கொட்டை நிறம். கப்பல் தேதி நெருங்கிவிட்டது. மேனேஜர் துரைசாமி காலையும் மாலையும் கத்திக்கொண்டிருந்தார்.

கத்தலை வாங்கிக்கொண்டிருந்தவர் ரஃபி அகமது. நிறம் பார்த்து டிரம்முக்குச் சாயம் சொல்லும் ஆள், என் வீட்டுக்காரரின் தோஸ்த். தட்டில் கையெழுத்தோடு அந்தத் துண்டைப் பார்த்தார். ஒரு சுழி, கீழே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. எந்த பையரின் கையெழுத்து படிக்கிற மாதிரி இருந்திருக்கிறது? அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு டிரம்மை ஏற்றிவிட்டார்.

நாலு நாள் கழித்து பையரின் நிஜத் துண்டு கூரியரில் வந்தது. அவர் தேர்ந்தெடுத்திருந்தது வெளிர் நிறம். டிரம்மில் ஏற்றிய லாட் முழுக்கக் காப்பிக்கொட்டையாகிக் காய்ந்துகொண்டிருந்தது. தோலுக்கு ஒன்றும் பெரிய சேதமில்லை, கறுப்புக்குப் போகாத தோல் உண்டா? இன்னொரு ஆர்டருக்குக் கறுப்பு அடித்துக்கொள்ளலாம். ஆனால் துரைசாமி அந்தக் கையெழுத்தைப் படம் பிடித்து பையருக்கு அனுப்பினார். இது என்னுடையது இல்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான். திட்டு தாங்காமல் ரஃபியே கையெழுத்தைப் போட்டுக்கொண்டார் என்று பேச்சாகிவிட்டது. வேலைக்கு வரவேண்டாம், திங்கட்கிழமைக்குள் கணக்கு சொல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம் என்றுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் லீவு முடிந்து போனபோது அந்தத் துண்டு துரைசாமியின் மேஜைமேல் இருந்தது. மூலைகள் வளைத்து நறுக்கியிருந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அது பூவம்மாள் போட்டது, புஷ்பம். நான் அனுப்பின துண்டு."

"மேனேஜர் கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'நீயும் அவனும் தோஸ்து. அவனைக் காப்பாத்த நீ எது வேணா சொல்லுவே. அந்தம்மாவே எழுதிக் குடுக்கட்டும், அப்ப நம்பறேன்'ங்கறாரு."

"அப்ப போய் எழுதி வாங்கினு வாங்க."

அவர் குனிந்து ஷூ லேசை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்கு அவருடைய கொள்கை ஞாபகம் வந்தது. கோபமும் கூடவே வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஒரு மனிதர் வீட்டோடு முடங்கிக் கிடக்கிறார், இவர் வாசல்படி மகத்துவம் பார்க்கிறார்! நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் பாஸ்டர் வருத்தப்படுவார்.

சனிக்கிழமை ரஃபியின் மனைவி ஃபரீதா வந்தாள். ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வாப்பா திருட்டுக் கையெழுத்து போட்டாரான்னு என் பொண்ணு கேக்குது. ஸ்கூல்ல யாரோ சொல்லிட்டாங்க. அவரு காதுல விழற மாதிரியே கேக்குது. அவரு செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு."

அவள் போன பிறகு என் வீட்டுக்காரர் நல்ல சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினோம். வாணியம்பாடி தாண்டுகிறவரை அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பையே நீவிக்கொண்டிருந்தார். ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வேக்காரர்கள் கட்டிக்கொண்ட சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒன்றின் முன்னால் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நரைத்த தலை, ஒல்லியான உடம்பு, நீளக் கால்கள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார் இவர். கை கூப்பியிருந்தது.

"மேடம்..." என்று ஒருவழியாக ஆரம்பித்தார்.

"மேடமும் வேணாம் கீடமும் வேணாம். யாரு நீங்க?"

நான்தான் பேசினேன். ஆம்பூரிலிருந்து வருகிறோம், உங்களுக்கு ஒரு தோல் துண்டு வந்ததே, அது விஷயமாக என்றேன். அந்த அம்மா துணியை விட்டுவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சுவரில் ஒரு பதக்கம் இல்லை, ஒரு போட்டோ இல்லை. என் வீட்டுக்காரர் போனில் இருந்த அந்தத் துண்டின் படத்தை நீட்டினார்.

"இது நீங்க போட்டதாக்கா?"

"ஆமா, நாந்தான். இது பாஸ்."

"பாஸா?"

"செக்கிங்ல போடற பாஸ் தம்பி. வாணியம்பாடி ஷூ கம்பெனில அவ்ளோ வருஷம் செக்கரா இருந்தேன். இந்தச் சுழிய எத்தினி ஆயிரம் தோல்ல போட்டிருப்பேன்! கவர்ல ஆம்பூர் கம்பெனி பேரு மட்டும் பெரிசா தெரிஞ்சிச்சி. எங்க பழைய சூப்பர்வைசர் இப்ப ஆம்பூர்லதான் எங்கியோ இருக்காரு. எப்பனா ஒரு துண்டு அனுப்பி, பாத்து சொல்லுங்கம்மான்னு கேப்பாரு. அவரு அனுப்பினதுன்னு நெனச்சேன்."

"உள்ள ஒரு லெட்டர் வச்சிருந்தேனே அக்கா."

"கண்ணாடி ஒடைஞ்சி கெடந்துச்சி, படிக்கல. தோல மடிச்சிப் பாத்தேன். லூஸ் இல்ல, நரம்பு தெரியல. நல்ல சரக்கு. பாஸ் போட்டேன், கவரும் ரெடியா இருந்துச்சி, அனுப்பிட்டேன். ஏன், லெட்டர்ல இன்னா எழுதியிருந்தே?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க கையெழுத்து கேட்டிருந்தேன்."

"ஆட்டோகிராபா? படிச்சிருந்தா வெந்நி அடுப்புல போயிருக்கும். அது மாதிரி வந்ததெல்லாம் அங்கதான் போச்சி."

எனக்கு முதலில் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. இவர் அந்த அம்மாவை ஓட்டக்காரி என்று நினைத்து அனுப்ப, அந்த அம்மா அதைக் கம்பெனி வேலை என்று நினைத்துத் திருப்ப, கம்பெனி அதை பையர் கையெழுத்து என்று நினைத்து டிரம்மை ஏற்ற! இத்தனை பேர் கையில் மாறியும் ஒருவர்கூட அதை ஆட்டோகிராப் என்று நினைக்கவில்லை. பிறகு என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

அந்த அம்மாவும் பார்த்திருக்க வேண்டும். குரல் கொஞ்சம் இறங்கியது.

"உம்மேல கோவம் இல்ல தம்பி. நான் மெடல் வாங்கி வந்தப்போ வேலூர் ஸ்டேஷன்ல ஒரே கூட்டம். பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் புள்ளைங்களக் கூட்டினு வந்து கையெழுத்து வாங்கினாங்க. அப்புறம் வேல கேட்டு ஒரு மனு எழுதினு அதே ஆளுங்க கிட்ட போனேன். எங்கையெழுத்த வாங்கினவங்க ஒருத்தரும் அந்த மனுவுல ஒரு கையெழுத்து போடல. கடசில ஷூ கம்பெனி கேட்ல எல்லாரோடயும் நின்னு உள்ள போனேன். அதோட விட்டுட்டேன்."

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் என் வீட்டுக்காரர் ரஃபியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டிரம் ஏறியது, பையர் இல்லை என்றது, போலீஸ், ரஃபியின் பெண் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இது உங்க கைன்னு நீங்க எழுதிக் குடுத்தா அவரு பொழச்சிக்குவாரு அக்கா. வாசல்ல வந்து கேக்கறது தப்புதான்."

"அந்த பாய் துண்டுல ஆர்டர் நம்பர் இருக்குதா, கூட பையர் லெட்டர் இருக்குதான்னு பாக்கலையா?"

"பாத்திருக்கணும். திட்டு தாங்காம அவசரப்பட்டுட்டாரு."

பூவம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இந்த அம்மா முடியாது என்றால் அடுத்து எங்கே போவது?

"எனக்கும் ஒரு தபா இப்டி ஆச்சி" என்றார், எங்களைப் பார்க்காமலே. "வெளிநாட்டுக்குப் போன சரக்கு திரும்பி வந்துச்சி. அதுல எம்மாதிரியே பாஸ் போட்டது வேற யாரோ. லைன் மொத்தமும் பாக்க என்னை நிக்க வச்சிக் கேட்டாங்க. எங்கூட டிபன் சாப்ட்டவளுங்கதான் எல்லாரும். இது அவ கை இல்லன்னு ஒருத்தி வாயத் தொறக்கல." திரும்பினார். "பேப்பர் இருக்குதா?"

நான் ஆஸ்பத்திரிப் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே எழுதினார். இந்தத் துண்டில் இருப்பது என் கை, அனுப்பியது நான், இதற்கும் ரஃபி அகமதுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். கடைசியில் ஒரு கணம் யோசித்துவிட்டு, சுழி போடாமல், முழுப் பெயரையும் எழுதினார். ஆலங்காயம் மு. பூவம்மாள். அதன் கீழே, தடகள வீராங்கனை என்று எழுதி, தேதி போட்டார். பீரோவிலிருந்து ஆதார் ஜெராக்ஸ் ஒன்றையும் எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருந்த பெயர் அந்தத் தாளில் இருந்தது. அந்த அம்மா பேனாவை மூடவில்லை. மேஜைமேல் இன்னும் வெள்ளைத் தாள் இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எதனா வேணுமா தம்பி?"

"இல்லக்கா. இது போதும். ரொம்ப நன்றி."

பூவம்மாள் பேனாவை மூடினார். எங்களை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். ரஃபி சாயம் போட்ட தோல் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். பிரமாதமாக வந்திருக்கிறது என்றதும், "பின்ன, நான் பாஸ் போட்டதாச்சே" என்று சிரித்தார். வாசல்வரை வந்தார்.

திங்கட்கிழமை துரைசாமி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாராம். "யாருய்யா இந்தம்மா? பெரிய ஆளா?" என்று கேட்டாராம். "ஆமா சார்" என்று மட்டும் சொன்னாராம் இவர். அப்புறம் துரைசாமியே ரஃபிக்குப் போன் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, வேலைக்கு வா என்றார். மேனேஜர்கள் மன்னிப்புக் கேட்கிற காலம் இன்னும் வரவில்லை. மத்தியானமே ரஃபி டிரம் பக்கம் நின்றார். சாயங்காலம் ஃபரீதா ஒரு தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அவள் போனதும் கேட்டுவிட்டேன். ரயிலிலிருந்தே அடக்கிவைத்திருந்தது.

"அந்தப் பேப்பரு எங்க?"

"ஆபீஸ் பீரோல. ரஃபி ஃபைல்ல."

"ஒரு போட்டோவாவது புடிச்சீங்களா?"

"இல்ல."

"பைத்தியமா உங்களுக்கு? பேனாவத் தொறந்து வச்சிகினு 'வேற எதனா வேணுமா'ன்னு வாயத் தொறந்து கேட்டாங்களே அந்தம்மா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டுக் குடுத்திருப்பாங்க."

"தெரியும்" என்றார். "வாசல்ல நின்னு கேட்டா போட்டுத்தானே ஆவணும்? அதான் கேக்கல."

நான் தூக்கைத் திறந்து, கறித்துண்டுகளாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன்.